அக்கா வாங்கிய மின்நூல் கருவி: குடும்பக் குழுவில்

அத்தை: புத்தகம் படிக்கும் கருவி வாங்கியிருக்கிறாயாமே? எப்படி இருக்கிறது? ஃபோனில் படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வடிகிறது. எனக்கு ஒத்துவருமா என்று பார்த்துச் சொல், கண்ணம்மா.

அக்கா: வந்துவிட்டது அத்தை. இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். 6 அங்குலத் திரை, கறுப்பு வெள்ளை மட்டும். எடை 160 கிராமுக்குள். படுத்துக்கொண்டு ஒரே கையில் பிடித்துப் படித்தாலும் கை கடுக்கவில்லை.

அக்கா: கண் விஷயம்தான் முக்கியம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயிலில் வைத்துப் படித்துப் பார்த்தேன். கூசவே இல்லை. வெளிச்சம் கூடக் கூட எழுத்து துலக்கமாகிறது. அதே இடத்தில் ஃபோன் திரையில் என் முகம்தான் தெரிந்தது.

பெரியப்பா: அப்படியானால் இரவில்? தலைமாட்டில் விளக்கு போட்டுக்கொள்ள வேண்டுமா?

அக்கா: வேண்டாம் பெரியப்பா, உள்ளேயே விளக்கு இருக்கிறது. ஆனால் விலை குறைந்த மாடல் என்பது அங்கேதான் தெரிகிறது. வெள்ளை வெளிச்சம் மட்டும்தான், மஞ்சளாக மாற்ற வழி இல்லை. அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகக் குறைந்துகொள்ளவும் செய்யாது. நாமேதான் குறைக்க வேண்டும். நான் இருட்டில் மிகக் குறைந்த அளவில் வைத்துப் படிக்கிறேன், அது போதுமானதாக இருக்கிறது.

தம்பி: பெரியப்பா, அந்த விளக்கும் ஃபோன் விளக்கும் ஒன்றல்ல. ஃபோனில் வெளிச்சம் திரையிலிருந்தே நேராகக் கண்ணுக்கு வரும். இதில் ஓரத்தில் இருக்கும் எல்இடிகள் திரையின் மேற்பரப்பில் வெளிச்சத்தைப் பாய்ச்சும். அது திரையில் பட்டுத் திரும்பித்தான் நமக்கு வருகிறது. நாம் காகிதத்தைப் பார்ப்பதும் அப்படித்தானே.

பெரியப்பா: எழுத்து எப்படித் தெரிகிறது? அச்சு மாதிரியா?

தம்பி: ஏறக்குறைய அப்படித்தான். திரைக்குள் தலைமுடி கனத்தில் நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கும். எந்த நிறம் மேலே வர வேண்டுமோ அதை மின்புலம் இழுத்துவிடும். வந்தபின் அங்கேயே நிற்கும், மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாறும்போதுதான் திரை மின்சாரம் எடுக்கும். 1997இல் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து பிரிந்து ஈ இங்க் என்ற நிறுவனமாக ஆனவர்கள் கொண்டுவந்த நுட்பம் இது.

அக்கா: அதனால்தான் சார்ஜ் இறங்குவதே தெரியவில்லை. வைஃபையை அணைத்து வைத்தால் வாரக்கணக்கில் வரும் என்று நினைக்கிறேன்.

அக்கா: இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கம் திருப்பும்போது முந்தைய பக்கத்தின் எழுத்து சில சமயம் மங்கலாக நிழல் தட்டுகிறது. படம் இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையை முழுதாகப் புதுப்பிக்கும்படி அமைப்பில் மாற்றினேன், நிழல் போய்விட்டது. பதிலுக்கு ஒவ்வொரு முறையும் திரை ஒரு கணம் கறுத்து மீள்கிறது. எனக்குப் பழகிவிட்டது.

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். தமிழ் ஒழுங்காக வருகிறதா? அதைச் சொல் முதலில்.

அக்கா: வருகிறது அத்தை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள திரை என்பதால் ண, ன, ஞ எல்லாம் சுழி சுழியாகத் தெளிவாக இருக்கின்றன. பழைய மலிவு மாடல்கள் சிலவற்றில் 167 புள்ளிகள்தான். அவற்றில் சிறிய எழுத்தின் சுழி பிசிறடிக்கும். வாங்கும்போது இந்த எண்ணை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

அக்கா: கூடவே வந்த தமிழ் எழுத்துரு மெலிவாக இருந்தது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்கி, யுஎஸ்பி வழியாகக் கருவியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டேன். இப்போது பக்கமே கனமாக, அழகாக இருக்கிறது.

அக்கா: உங்களுக்காக எழுத்தை மிகப் பெரிதாக்கியும் பார்த்தேன். படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

[படம்]

அத்தை: அம்மாடி, கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன்! ஆனால் இது என்ன, சொல்லுக்குச் சொல் இவ்வளவு இடைவெளி?

அக்கா: அதைக் காட்டத்தான் அனுப்பினேன். நம் சொற்கள் நீளம். "பேசிக்கொண்டிருந்தவர்களுக்கிடையே" என்று ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரியை அடைத்துக்கொள்கிறது. கருவி சொல்லை உடைப்பதில்லை. இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களையும் ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளிவிடுகிறது. பத்தி அமைப்பில் இடப்பக்கச் சீரமைவு என்று மாற்றினால் சரியாகிவிடும். வலது ஓரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், படிக்க அதுதான் சுகம்.

[படம்]

அத்தை: இது நன்றாக இருக்கிறது. இப்படியே வைத்துவிடு.

பெரியப்பா: செய்யுள் என்ன ஆகும்?

அக்கா: நல்ல கேள்வி பெரியப்பா. பெரிய எழுத்தில் வெண்பா குலைந்துவிடுகிறது. நாற்சீர் அடி மடிந்து இரண்டு வரியாகிறது. அடி எங்கே முடிகிறது என்று கண் தேட வேண்டியிருக்கிறது, ஓசையும் போய்விடுகிறது. கருவியைப் படுக்கைவசமாகத் திருப்பினால் அடி முழுதாக நிற்கிறது. பாட்டுக்கு அப்படி, உரைநடைக்கு நெடுக்காக என்று மாற்றி மாற்றிப் படிக்கிறேன்.

பெரியப்பா: என்னிடம் பழைய பதிப்புகள் பிடிஎஃபாக நிறையச் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் ஸ்கேன் செய்தவை. அவற்றை இதில் படிக்கலாமா?

அக்கா: படிக்க முடியாது என்றே சொல்வேன். போட்டுப் பார்த்தேன். ஸ்கேன் பக்கம் என்பது ஒரு படம், எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. முழுப் பக்கமும் 6 அங்குலத்துக்குள் சுருங்குகிறது. அடிக்குறிப்பு எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. விரலால் விரித்தால் திரை மெதுவாகத்தான் நகர்கிறது, இரண்டு பக்கத்துக்குள் பொறுமை போய்விடும். உங்கள் தேவைக்கு 10 அங்குல டேப்லெட்தான் சரி. இதை நீங்கள் வாங்காதீர்கள்.

தம்பி: ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டுப் படுக்கைவசமாக வைத்தால் கொஞ்சம் தேறும், பெரியப்பா. ஆனாலும் அக்கா சொல்வதுதான் சரி.

பெரியப்பா: அப்படியானால் தமிழில் படிக்க என்ன கிடைக்கிறது?

தம்பி: நிறையவே இருக்கிறது. மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய நூல்கள் இலவசம். சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கத் தோதான இபப் என்ற மின்நூல் வடிவமும் இருக்கிறது, 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃபும் இருக்கிறது. கோப்பு ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய டிஸ்கி குறியேற்றக் கோப்பை அப்படியே போட்டால் கண்ட குறிகளாக வரும்.

அக்கா: யாரோ முகம் தெரியாதவர்கள் மாலை வேளைகளில் உட்கார்ந்து தட்டியதை இவ்வளவு வசதியாகப் படிக்கிறேன். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் குறித்து அவர்களுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். வரியை விரலால் தொட்டு இழுத்தால் அடிக்கோடு விழுகிறது, அதிலேயே குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் தட்டச்சுப் பலகை மந்தம், நீளமாக எழுத முடியாது.

அத்தை: பக்கம் திருப்பப் பொத்தான் உண்டா?

அக்கா: இல்லை. திரையின் வலப்பக்கம் மெல்லத் தொட வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிதான் வரும், அடிக்கடி தொட வேண்டியிருக்கும். விரல் நடுக்கம் இருந்தால் சில நேரம் இரண்டு பக்கம் தாண்டிவிடும் அத்தை, அதை நீங்கள் செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஈரக் கையோடும் தொடாதீர்கள், இந்த மாடலுக்கு நீர்க்காப்பு இல்லை.

பெரியப்பா: தங்கச்சி, நீ தாராளமாக வாங்கு. நீ புத்தகத்தைத் தொட்டு எவ்வளவு காலம் ஆகிறது!

அத்தை: ஆமாம் அண்ணா. எழுத்து சிறிதாகிக்கொண்டே போகிறதென்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கையில் வைத்துப் பார்க்கிறேன்.

அக்கா: வாருங்கள் அத்தை. ஒரு நாவலும் ஒரு பாட்டுப் புத்தகமும் ஏற்றி வைக்கிறேன். இரண்டிலும் பத்துப் பக்கமாவது நீங்களே திருப்பிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.