தனி ஆள் கரைநடைக்குப் பாத்திரம்: 750 மி.லி. டைட்டானியமா, 1 லிட்டர் அலுமினியமா?

நடைப்பிரியன்

வணக்கம். தை கடைசியில் ஏர்வாடியில் இறங்கி, வாலிநோக்கம், ஒப்பிலான், மாரியூர் வழியாக மூக்கையூர் வரை கரையை ஒட்டித் தனியாக நடப்பதாகத் திட்டம். மூன்று பகல், இரண்டு இரவு. சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரை ரயில், அங்கிருந்து கீழக்கரை வழியாக பஸ்.

சமையல் ஒருவருக்கு மட்டும். காலையில் கடுங்காப்பியும் ரவை உப்புமாவும், மதியம் அவல், இரவில் கஞ்சி அல்லது பருப்புச் சாதம். திருகி மாட்டும் சின்ன கேஸ் அடுப்பு கையில் இருக்கிறது. பாத்திரம்தான் முடிவாகவில்லை. பார்த்து வைத்திருப்பவை இரண்டு:

1. டைட்டானியம் மக், 750 மி.லி., அகலம் 9.5 செ.மீ., உயரம் 11 செ.மீ.
2. அனோடைஸ் செய்த (மேற்பரப்பைக் கெட்டியாக்கிய) அலுமினியப் பாத்திரம், 1 லிட்டர், அகலம் 12 செ.மீ., உயரம் 9 செ.மீ.

டைட்டானியம் விலை பல மடங்கு அதிகம். எடை குறைவதற்காக அவ்வளவு கொடுக்கலாமா? வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தூக்குச்சட்டியே போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உலோகக்கணக்கு

எடையை ஒரே அளவில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 12 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் உள்ள பாத்திரத்துக்கு அடியும் சுவரும் சேர்த்துச் சுமார் 450 சதுர செ.மீ. தகடு தேவை. அலுமினியம் என்றால் 1 மி.மீ. தடிமன், ஏறக்குறைய 120 கிராம். டைட்டானியம் 0.4 மி.மீ., 80 கிராம். எவர்சில்வர் 0.5 மி.மீ., 180 கிராம். மூடியும் கைப்பிடியும் தனி.

டைட்டானியம் அலுமினியத்தைவிட அடர்த்தியான உலோகம்: ஒரு கன செ.மீ. டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஆனால் வலு அதிகம் என்பதால் மெல்லியதாக இழுக்க முடிகிறது, எடை அதில்தான் குறைகிறது. சமைக்கும்போது இதே மெல்லிய தகடுதான் காலை வாரும். டைட்டானியம் சூட்டைப் பக்கவாட்டில் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பல மடங்கு பின்தங்கியது. சின்ன பர்னர் என்றால் தீ படும் இடத்தில் ரவை கருகும், ஓரத்தில் பச்சையாக நிற்கும். காப்பிக்கு வெந்நீர் வைப்பது, நூடுல்ஸ் போடுவது மட்டும் என்றால் டைட்டானியம் அருமையான பொருள். கஞ்சி, உப்புமா என்று சொன்ன பிறகு அதற்குப் பணம் கொடுப்பது வீண். மிச்சமாகும் 40 கிராம் என்பது இரண்டு மடக்குத் தண்ணீரின் எடை. அந்தக் கரையில் நாளைக்கு நாலைந்து லிட்டர் தண்ணீரைச் சுமக்கப்போகிறீர்கள்.

அகலத்தையும் கவனியுங்கள். 9.5 செ.மீ. அடிக்கு 71 சதுர செ.மீ. பரப்பு, 12 செ.மீ. அடிக்கு 113. ஒல்லியான மக்கில் தீயில் ஒரு பங்கு சுவரோரமாக ஏறி வீணாகப் போகும். கொஞ்சம் காற்று அடித்தால் மொத்தமும் போகும்.

எவர்சில்வர் தூக்கு கெட்டுப்போகாது, மணல் போட்டுத் தேய்க்கலாம். ஆனால் மெல்லிய அடி, அதிலும் சாதம் பிடிக்கும். மூடி இறுக்கமாக உட்கார்ந்து ஆவி போக வழி இல்லாமல் பொங்கும். எடையையும் சேர்த்தால் மூன்றாவது இடம்தான்.

சாயல்குடிக்_காற்று

தம்பி, பாத்திரத்துக்கு முன்னால் எரிபொருளை முடிவு பண்ணுங்க. கேஸ் கேனிஸ்டரை ரயிலில் கொண்டுவர முடியாது. மண்ணெண்ணெய், ஸ்பிரிட்டுக்கும் தடைதான். 1989 ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரை நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து உயிர்கள் போனதே, உள்ளே மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால்தான். பஸ்ஸிலும் ஏற்றக்கூடாது. ராமநாதபுரத்தில் இறங்கித் திருகு கேனிஸ்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வர வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் தாராளமாகக் கிடைப்பது கரி. சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஊர்கள் நிறைய. கடையில் ஒரு கிலோ அடுப்புக்கரி வாங்கினால் உங்கள் சமையல் முழுக்க முடிந்துவிடும். சின்ன அடுப்பில் ஒருவேளைக்கு 100 கிராம் அளவில் போதும். கரி, சுள்ளி என்று வந்துவிட்டால் பாத்திரத்தேர்வும் மாறும்:

கைப்பிடி பக்கவாட்டில் மடங்கி, அதன்மேல் சிலிகோன் உறை போட்டிருந்தால் முதல் நாளே கருகி நாறும். மேலே வளைந்து நிற்கும் கம்பிப்பிடி, அதாவது தூக்குச்சட்டிக்கு இருக்கிற மாதிரி, அதுதான் சரி. குச்சியை விட்டுத் தூக்கி இறக்கலாம். அடியில் வரிவரியாகத் துடுப்பு வைத்த வேகப் பாத்திரங்கள் கேஸுக்கு நல்லது, இங்கே இடுக்கில் கரி அடைத்துக்கொள்ளும். ஒட்டாப் பூச்சு உள்ளதும் வேண்டாம். கரி கனலும்போது சூட்டை அளந்து வைக்க முடியாது, 260 டிகிரி தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஊதிவிட்ட கரி அதற்குமேலும் போகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. வெறும் பாத்திரத்தைக் கனல்மேல் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்காரக்கூடாது, அவ்வளவுதான்.

அடுப்புக்குத் தனியாகச் செலவு வேண்டாம். 12 செ.மீ. வாய் உள்ள பால்பவுடர் டின் எடுத்து, அடி ஓரத்தில் 1 செ.மீ. ஓட்டை எட்டுப் போடுங்க. தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் எவர்சில்வர் வலைத்துண்டு, அதன்மேல் கரி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை வேண்டாம், துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது. டின் வாய்மேல் டென்ட் முளைக்கம்பி இரண்டைக் குறுக்கே வைத்தால் அதன்மேல் பாத்திரம் உட்காரும். கம்பிக்கும் கனலுக்கும் 4 செ.மீ. இடைவெளி விடணும். பாத்திரம் டின் விளிம்பில் நேராக அமர்ந்தால் காற்றோட்டம் அடைத்துக் கரி அணையும், அதனால் கம்பி விளிம்புக்கு மேலேயே இருக்கட்டும். நடக்கும்போது டின் பாத்திரத்துக்குள்ளேயோ, பாத்திரம் டின்னுக்குள்ளேயோ போகிற மாதிரி அளவு பார்த்து வாங்கினால் பையில் இடம் மிச்சம்.

பற்றவைக்கச் சில்லாட்டை (மட்டை அடியில் வலைபோல் இருக்கும் நார்) போதும், பனை அடியில் உலர்ந்து கிடக்கும். மேலே சாம்பல் வெள்ளையாகப் பூக்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்குப் பிறகு பாத்திரம் வைக்கணும். கூடாரத்துக்குள் கரி கூடவே கூடாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தை, மாசியில் வாடை தரைப்பக்கமிருந்து சாய்வாக வரும், மதியத்துக்கு மேல் கடல்காற்று. மூன்று பக்கத் தடுப்பு இருந்தால் சமாளிக்கலாம். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் சோற்றில் பாதி மணலாக இருக்கும். அந்த மாதங்களில் மூடிமேல் கல் வைக்காமல் சமைக்க முடியாது.

சமைத்து முடித்தால் கனலை மணலில் புதைக்காதீங்க. மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே ராத்திரி முழுக்கச் சூடு நிற்கும். விடியற்காலையில் வலை இழுக்க வருகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். கடல்தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்து, டின்னோடு எடுத்துப் போங்க. காய்ந்த பனையோலை பக்கத்தில் அடுப்பே வேண்டாம்.

மண்சோறு

மேலே சொன்னதோடு சமையல் கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

750 மி.லி. பாத்திரத்தில் சாதம் வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். 100 கிராம் அரிசிக்கு 300 மி.லி. தண்ணீர் என்று ஊற்றினாலே ஏறக்குறையப் பாதி நிறையும், நுரை கட்டினால் வழியும். வழிந்த கஞ்சி கரியை அணைக்கும், கஞ்சியும் போகும். மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பக்கூடாது என்பதை வைத்துப் பார்த்தால் 1 லிட்டர்தான் ஒரு ஆளுக்குச் சரியான அளவு.

வடிக்கும் முறை அங்கே ஆகாது, நல்ல தண்ணீர் வீணாகும். பச்சரிசி நொய் 80 கிராமை அரை மணி நேரம் ஊறவையுங்கள், ஊறின தண்ணீரைக் கொட்ட வேண்டாம். மொத்தம் 400 மி.லி. வருமாறு ஊற்றி, கொதி வந்ததும் மூடியை ஒருக்களித்து ஐந்து நிமிடம், பிறகு பாத்திரத்தைத் தூக்கிப் பாதிக் கரியை இடுக்கியால் ஒதுக்கிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம். இறக்கித் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள், கெட்டிக் கஞ்சியாக வெந்திருக்கும். கடல்மட்டம் என்பதால் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கிறது, மலையில் போல அரிசி வேகாத தொல்லை இல்லை.

துவரம்பருப்பை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கக் கிணறுகள் பெரும்பாலும் உவர், வாலிநோக்கம் சுற்றி உப்பளம் வேறு. கடினத்தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் வெந்தாலும் குழையாது, கரிதான் தீரும். வறுத்த பாசிப்பருப்பு 30 கிராமை நொய்யோடு சேர்த்தே ஊறப்போடுங்கள், தண்ணீரை மட்டும் 100 மி.லி. கூட்டுங்கள். சமையலுக்கு ஊருக்குள் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ குடத்துக்கு விற்கும் தண்ணீரையோ கேட்டு வாங்குங்கள். உவர்த்தண்ணீரில் வைத்தால் உப்பே போட வேண்டாத அளவுக்குக் கரிக்கும்.

உப்புமாவுக்கு வறுத்த ரவை 80 கிராம், தண்ணீர் 220 மி.லி. ரவையை வீட்டிலேயே எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து வறுத்துப் பையில் கட்டிக்கொண்டால் அங்கே கொதித்த தண்ணீரில் தூவிக் கிளறி மூடுவது மட்டும்தான் வேலை. புளி சேர்க்கும் சமையல் எதையும் மேற்பூச்சு தேய்ந்த அலுமினியத்தில் வைக்காதீர்கள். உலோகம் கரைந்து நிறம் கறுக்கும், ருசியும் கெடும்.

கழுவுவதில்தான் அகலப் பாத்திரத்தின் அருமை தெரியும். 12 செ.மீ. வாயில் கை முழுதாக உள்ளே போய் அடியை வழிக்கும். ஒல்லி மக்கில் விரல்நுனிதான் எட்டும், ஒட்டினதை எடுக்க இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்ற வேண்டி வரும். முதலில் கடல்தண்ணீரில் தேங்காய் நாரால் தேய்த்து, கடைசியில் இரண்டு ஸ்பூன் நல்ல தண்ணீர் ஊற்றிச் சுழற்றித் துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத்தண்ணீரோடு மூடிவைத்தால் கீறல் விழுந்த இடத்தில் மறுநாள் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அதற்கடியில் குழி விழ ஆரம்பித்திருக்கும். மணல் போட்டுத் தேய்த்தாலும் அதே பாதையில்தான் போகும்.

நடைப்பிரியன்

மிக்க நன்றி. அலுமினியம் 1 லிட்டரே வாங்குகிறேன். ஆனால் நான் பார்த்ததற்குப் பக்கவாட்டுப் பிடிதான், சிலிகோன் உறையோடு. கம்பிப்பிடி நாமே மாட்ட முடியுமா? மூடியில் ஓட்டை இருப்பது நல்லதா?

சாயல்குடிக்_காற்று

உறையைக் கத்தியால் கீறி உரித்துவிடுங்க, வெறும் கம்பியைத் துணியால் பிடித்தால் போதும். மேற்பிடி வேண்டும் என்றால் விளிம்புக்கு 8 மி.மீ. கீழே எதிரெதிராக இரண்டு 3 மி.மீ. ஓட்டை போட்டு, 2 மி.மீ. எவர்சில்வர் கம்பியை வளைத்து மாட்டலாம். இரும்புக்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அலுமினியத்தையும் அரிக்கும். நுனியை வெளிப்பக்கமாக மடக்கணும், உள்ளே மடக்கினால் கரண்டி இடிக்கும். ஓட்டை போட்ட இடத்தில் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுங்க, இல்லாவிட்டால் அங்கேதான் முதலில் கீறும்.

மூடியில் ஓரமாக 4 மி.மீ. ஓட்டை மூன்று இருந்தால் பொங்குவது குறையும், அதற்குமேல் இருந்தால் மணல் இறங்கும்.

இன்னொன்று: தையிலிருந்து பங்குனி வரை ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். இருட்டியபின் கரைமணலில் நெருப்பும் வெளிச்சமும் வேண்டாம். பொழுது சாயும் முன்னே கஞ்சியை இறக்கிவிட்டு ஊர்ப்பக்கம் ஒதுங்குங்க, தீவுப் பக்கம் படகில் போகவே கூடாது, அது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லை. தனியாக ராத்திரி கரையில் இருக்கிற ஆளைக் கடலோரக் காவல் போலீஸ் விசாரிப்பார்கள், ஆதார் அட்டை மேல்பையிலேயே இருக்கட்டும்.