புதுப்பிப்பு: அக்காவின் சோர்வுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய்க்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவரும் என் அக்கா, எடை குறைந்து, எழுந்து நின்றாலே தலைசுற்றி, சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வாங்கிய எலுமிச்சை ஊறுகாயைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறார் என்று இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். தைராய்டு மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தேன். கூட்டாமல் விட்டது நல்லதாயிற்று.

பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்தும் பொட்டாசியம் கூடியும் இருந்ததால், அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கு, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் சினாக்தென் ஊசியை 250 மைக்ரோகிராம் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும், அது சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் ஹார்மோனின் அளவு உயரவில்லை. தைராய்டைத் தாக்கிய அதே நோய் எதிர்ப்பாற்றல் அட்ரினல் சுரப்பியின் வெளியடுக்கையும் அழித்திருந்தது. 1855இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த அடிசன் நோய் இது. தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்சின் உடலில் கார்ட்டிசோல் செலவாகும் வேகத்தைக் கூட்டுவதால், அந்தப் பற்றாக்குறையைச் சரிசெய்யாமல் மாத்திரையை உயர்த்துவது உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். இந்த நோயின் அறிகுறியாக உள்ளங்கை ரேகைகள் கறுத்ததை வெயில் என்று நினைத்தோம். உள்ளங்கையில் எப்படி வெயில் படும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கார்ட்டிசோலுக்கு ஈடாக நாளுக்கு 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனை வேளைகளாகப் பிரித்தும், ஊறுகாயைத் தேடவைத்த உப்பு இழப்பைத் தடுக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் எடுக்கிறார். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறார்கள்; வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். ஊசி போட நானும் பழகிக்கொண்டேன். ஊறுகாய்ப் புட்டி மூன்று வாரமாகத் திறக்கப்படவில்லை.