ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பழைய லேப்டாப்பின் வைஃபை கார்டை மாற்றுவது பற்றி

குளிர்கால செமஸ்டர் தொடங்கும் ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக வந்தவர்கள் கேட்பது இது: "ரூமில் நெட் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபோனில் பிரச்சினையே இல்லை. லேப்டாப்பில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புதுசு வாங்கிவிடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். விசாவுக்காகப் பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. வீட்டுக்காரர் சட்டப்படி மூன்று மாத வாடகை வரை டெபாசிட் கேட்கலாம், பலரும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் 700, 800 யூரோ போட்டு லேப்டாப் வாங்குவது பெரிய சுமை. உங்கள் பழைய லேப்டாப்பில் குறை வைஃபை மட்டும்தான் என்றால், அநேகமாக இருபது, இருபத்தைந்து யூரோவில் வேலை முடிந்துவிடும்.

ஊரில் நன்றாக ஓடியது இங்கே ஏன் திணறுகிறது என்றால், பழைய மலிவு லேப்டாப்கள் பலவற்றில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் வைஃபை கார்டு (சிக்னலை வாங்கும் சின்னப் பலகை) இருக்கிறது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் ஓட 1, 6, 11 என்று மூன்று சேனல்தான் இடம் தரும். ஒரு ஹாஸ்டல் மாடியில் பத்துப் பன்னிரண்டு ரவுட்டர் இருந்தால் எல்லாம் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்ளும். புளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவும் அதே இடத்தில்தான். உங்கள் ஃபோன் நெரிசல் குறைந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் போய்விடுகிறது. லேப்டாப்புக்கு அங்கே போக வழியே இல்லை.

எதையும் வாங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் நெட்வொர்க் பேண்ட், லிங்க் ஸ்பீட் இரண்டும் இருக்கும். 2.4, 72 எம்பிபிஎஸ் என்று காட்டினால் ஒற்றை ஆன்டெனாவோடு ஓடும் பழைய கார்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கைக்குக் கிடைக்கும் வேகம் அதில் பாதிதான். ஆனால் பேண்ட் 5 என்று காட்டியும் மெதுவாக இருந்தால் குறை கார்டில் இல்லாமல் இருக்கலாம். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள், கேபிள் போட்டும் பாருங்கள். கேபிளிலும் மெதுவென்றால் கார்டு மாற்றிப் பயனில்லை.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். லேப்டாப்பில் இன்டெல் கார்டு இருந்து, வீட்டு நெட்வொர்க் பெயரே தெரியவில்லை என்றால், முதலில் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். பழைய டிரைவரோடு ஓடும் சில இன்டெல் கார்டுகளுக்கு வைஃபை 6 என்ற புதிய தலைமுறை ரவுட்டர் கண்ணிலேயே படாது. இன்டெல் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டதும் தெரிந்துவிடும். காசே செலவில்லை.

சரி, கார்டுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. எந்தக் கார்டு வாங்குவது?

இங்கேதான் காசு வீணாகும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கார்டை நேரில் பார்த்த பிறகுதான் ஆர்டர் போட வேண்டும். சுமார் 2013 வரையிலான மாடல்களில் பெரும்பாலும் அரை அளவு மினி பிசிஐஇ கார்டு, சுமார் 30க்கு 27 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு வந்தவற்றில் எம்.2 கார்டு, 22க்கு 30 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. சில மெல்லிய லேப்டாப்களில் கார்டு மதர்போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, வெளியே போர்ட்டில் செருகும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் தேடுங்கள்.

எம்.2 ஸ்லாட் என்றால் என் தேர்வு இன்டெல் ஏஎக்ஸ்200. ஏஎக்ஸ்210 கொஞ்சம் புதுசு, 6 ஜிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். ஆனால் அந்த 6 ஜிகாஹெர்ட்ஸுக்கு விண்டோஸ் 11 வேண்டும், உங்கள் பழைய லேப்டாப்போ அநேகமாக விண்டோஸ் 11 பட்டியலிலேயே இருக்காது. லினக்ஸ் போடுகிறவர்கள் ஏஎக்ஸ்210 வாங்கலாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.10 பதிப்பு முதல் ஆதரவு உண்டு. விலை ஒன்றாக இருந்தால் ஏஎக்ஸ்210 எடுப்பதில் தப்பில்லை. கூடக் கொடுத்து வாங்க வேண்டாம்.

ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டையும் தொடவே தொடாதீர்கள். பார்க்க அச்சு அசலாக அதே கார்டு, பல நேரம் விலையும் குறைவு. ஆனால் அவை முழுமையான கார்டுகள் அல்ல. வைஃபையின் பாதி வேலையைப் புதிய இன்டெல் பிராசசர் பக்கம் விட்டுவிட்டு, ரேடியோ பகுதியை மட்டும் வைத்திருப்பவை. பழைய லேப்டாப்பிலும் ஏஎம்டி லேப்டாப்பிலும் செருகினால் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. ஆர்டர் செய்யும் முன் கடைசி எண்ணை இரண்டு தடவை பாருங்கள்.

மினி பிசிஐஇ என்றால் இன்டெல் 7260 இரட்டை அலைவரிசைக் கார்டு போதும். செகண்ட் ஹேண்டாக மலிவாகக் கிடைக்கும், 5 ஜிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் லிங்க் வரை போகும். 7260 என்ற பெயரில் 2.4 மட்டும் உள்ள கார்டும் இருக்கிறது, ஏசி என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். எம்.2 கார்டை மினி பிசிஐஇ ஆக்கும் அடாப்டர் போர்டு வாங்குபவர்கள் ஆன்டெனா முனையைக் கவனியுங்கள். எம்.2 கார்டில் முனை சிறியது, பழைய லேப்டாப்பின் வயர் நுனி பெரியது, மாட்டாது. பெரிய முனையோடு வரும் போர்டாகத் தேட வேண்டும்.

ஆன்லைனில் கடைக்காரரிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். தனிநபரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினால் அந்த உரிமை கிடையாது.

இனி மாற்றும் வேலை. புது டிரைவரை முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வைத்துவிடுங்கள், மாற்றிய பிறகு நெட் இருக்காது. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங் போட்டாலும் சமாளிக்கலாம். லேப்டாப்பை அணைக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் கழற்றுங்கள். உள்ளே பதித்த பேட்டரி என்றால் போர்டில் இருக்கும் அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாதது. ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும். ஸ்வெட்டரைக் கழற்றும்போதும் கதவுப் பிடியைத் தொடும்போதும் சுளீரென்று அடிக்கிறதே, அந்த ஸ்டாட்டிக்தான் கார்டுக்கு எமன். கம்பளி உடையைக் கழற்றி வைத்துவிட்டு, கார்ப்பெட் இல்லாத தரையில் மேசை போட்டு உட்காருங்கள். ஹீட்டர் குழாயில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எழுந்து நடந்துவிட்டு வந்தால் மறுபடியும் தொடுங்கள்.

மூடியைத் திறந்ததும் ஃபோனில் படம் எடுங்கள், எந்த நிற வயர் எந்த முனையில் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். கார்டின் மேல் இரண்டு மெல்லிய வயர்கள், நுனியில் கடுகு அளவுக்குத் தங்க நிற வட்டம். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வட்டத்துக்கு அடியில் நகத்தையோ பிளாஸ்டிக் முனையையோ கொடுத்து நேர் மேலாக நெம்பினால் டக்கென்று வந்துவிடும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியதும் கார்டு தானாகச் சாய்வாக எழும், அதே சாய்வில் உருவுங்கள். புதுசையும் அதே சாய்வில் செருகி, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போடுங்கள். கடைசியாக வயர்கள். வட்டம் முனைக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் சின்ன க்ளிக் விரலில் தெரியும். சாய்வாக வைத்து அழுத்தினால் நசுங்கிவிடும். அந்த முனைகள் ஏறத்தாழ 30 தடவை மாட்டிக் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை, சும்மா சும்மா கழற்றிப் பார்க்காதீர்கள்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு: பல ஹாஸ்டல் நெட்வொர்க்குகளில் மேக் முகவரியை, அதாவது கார்டின் அடையாள எண்ணைப் பதிவு செய்திருப்பீர்கள். கார்டு மாறினால் அதுவும் மாறும், புதியதைப் பதிவு செய்யும் வரை நெட் வராது. பல்கலைக்கழக வைஃபையான எடுரோமையும் ஒருமுறை புதிதாக அமைத்துவிடுங்கள்.

கீழே பின்னூட்டங்களில் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய திங்க்பேட் டி430. கார்டு மாற்றியதும் 1802 என்று ஒரு எரர் காட்டி நின்றுவிடுகிறது. கார்டு போய்விட்டதா?"

இல்லை தம்பி, கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்து லெனோவோ, எச்பி மாடல்கள் பலவற்றில், லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலுக்குள் அனுமதித்த கார்டுகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகாது. லெனோவோவில் 1802, எச்பியில் 104. பழைய கார்டைத் திரும்பப் போட்டால் லேப்டாப் எழுந்துவிடும். உங்கள் டி430க்கு இன்டெல் 6205 தேடுங்கள். அதுவும் லெனோவோவின் எஃப்ஆர்யூ எண் (உதிரிபாக எண்) லேபிளில் அச்சிட்ட கார்டாக இருக்க வேண்டும், கடையில் பொதுவாக விற்கும் 6205 ஏற்காமல் போகலாம். அது வைஃபை 4 என்ற பழைய தலைமுறைதான், ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் பிடிக்கும், உங்கள் பிரச்சினை தீர அது போதும். பட்டியலை நீக்கிய பயாஸ் போடும் வழியும் உண்டு. தீசிஸ் இருக்கும் ஒரே லேப்டாப்பில் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து, பயாஸ் கெட்டால் மொத்தமும் போய்விடும்.

"அண்ணா, என்னுடையது ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். திறந்து பார்த்தேன், கார்டில் ஒரே ஒரு வயர்தான் மாட்டியிருக்கிறது. இரண்டு முனை உள்ள கார்டு போடலாமா?"

போடலாம் தங்கச்சி. அந்த வயரை மெயின் என்று குறித்த முனையில் மாட்டுங்கள், இன்னொன்று காலியாக இருக்கட்டும். வேகம் பாதியாகும், 867க்குப் பதில் 433. வீடியோ வகுப்புக்கு அதுவே தாராளம். ஆன்டெனா 2.4க்கு மட்டும் செய்ததாக இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் வலுக்குறைவாகக் கிடைக்கும். அதனால் வாங்கியதும் 14 நாளுக்குள் உங்கள் அறையிலிருந்தே நன்றாகச் சோதித்துவிடுங்கள்.

"அமெரிக்காவிலிருந்து மாமா பழைய கார்டு ஒன்று கொடுத்தார். எல்லா நெட்வொர்க்கும் தெரிகிறது, எங்கள் வீட்டு 2.4 மட்டும் சில நாள் காணாமல் போகிறது."

ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலுக்குப் போகும் நாட்களாக இருக்கும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 13 வரை உண்டு. அமெரிக்கச் சந்தைக்கென்று வந்த பழைய கார்டுகளில் சில 11ஓடு நின்றுவிடும். ரவுட்டர் உங்கள் கையில் இருந்தால் 1, 6, 11இல் ஒன்றில் நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் 5 ஜிகாஹெர்ட்ஸிலேயே இருங்கள்.

"யூஎஸ்பி அடாப்டரே வாங்கிவிட்டால் இவ்வளவு வேலை இல்லையே?"

உண்மைதான். 1802 மாதிரி பூட்டுப் போட்டு, ஏற்கும் கார்டும் கிடைக்காத மாடல்களுக்கும் சால்டர் செய்த கார்டுகளுக்கும் அதுதான் வழி. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டர் பையில் போகும்போது முறியும், ஒரு போர்ட்டும் போய்விடும். லினக்ஸ் என்றால் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதைத் தேடுங்கள், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

"திறக்கவே பயமாக இருக்கிறது. கடையில் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், ஆனால் கூலி கார்டு விலையைத் தாண்டிவிடக்கூடும். அதைவிட உங்கள் ஊரில் ரிப்பேர் கஃபே எப்போது நடக்கிறது என்று பாருங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஏற்பாடு, இன்று ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் நடக்கிறது. தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே செய்ய வைப்பார்கள். கட்டணம் இல்லை, உண்டியலில் முடிந்ததைப் போடலாம். கார்டை வாங்கிக்கொண்டு போங்கள். ஜெர்மன் பேசிப் பழகவும் நல்ல இடம்.

"கழற்றிய பழைய கார்டை என்ன செய்வது?"

திருப்பும் கெடு முடியும் வரை பத்திரமாக வையுங்கள். அப்புறம் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, இங்கே எலக்ட்ரானிக் பொருளை வீட்டுக் குப்பையில் சேர்ப்பது சட்டப்படி தவறு. எலக்ட்ரானிக் சாதனங்களும் விற்கும் 800 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர்மார்க்கெட்டுகள் 2022 ஜூலை முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பழைய சாதனங்களை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும், நீங்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை. கெட்டுப்போன சார்ஜர், ஹெட்செட் இருந்தால் அவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.