முப்பத்தி அஞ்சுக்கு ஏன் 305?

(அஸ்தம்பட்டி தெரு வாட்ஸ்அப் குழு, சேலம்)

டியூஷன் அக்கா: டீச்சரம்மா, ஒரு சந்தேகங்க. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க கிட்ட முப்பத்தி அஞ்சு எழுதுன்னா 305ன்னு எழுதுறாங்க. 35ஐக் காட்டினா சரியா வாசிக்கறாங்க. பத்துப் பத்து தடவை எழுத வெச்சும் மாறலைங்க.

டீச்சரம்மா: எழுத வெச்சு மாறாது கண்ணு. காதுல விழுந்ததை அப்படியே எழுதுறாங்க. முப்பதுக்கு 30, அஞ்சுக்கு 5. பழைய தமிழ் எண்ணுல 35ஐ ௩௰௫ன்னு மூணு குறியாத்தான் எழுதுவாங்க, பிள்ளை போற வழியும் அதேதான். எண் நிக்கிற இடமே ‘பத்து’ங்கறதைச் சொல்லிடும்ங்கறதுதான் அவங்களுக்கு இன்னும் பிடிபடலை.

டீச்சரம்மா: அட்டை வெட்டுங்க. 10, 20ன்னு 90 வரைக்கும் 9 அட்டை, ஒவ்வொண்ணும் 2 கட்டம் அகலம். 1லிருந்து 9 வரைக்கும் 9 அட்டை, 1 கட்டம் அகலம். 30 அட்டையில பூஜ்ஜியத்து மேல 5 அட்டையை வெச்சா 35. தூக்கிப் பார்த்தா அடியில பூஜ்ஜியம் இருக்கும். கட்டம் எல்லாத்துலயும் ஒரே அளவா இருக்கணும், இல்லாட்டி பூஜ்ஜியம் ஓரத்துல எட்டிப் பார்க்கும்.

டியூஷன் அக்கா: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதுமாங்க?

டீச்சரம்மா: தாராளமா.

அங்கன்வாடி அக்கா: அட்டைக்கு முன்னாடி குச்சிக்கட்டு வேணுங்க. கட்டிப் பார்க்காத பிள்ளைக்கு 30ங்கறது வெறும் படம். வெளக்குமாத்துக் குச்சியில தடிச்ச பக்கமாப் பார்த்து 4 அங்குலத்துக்கு ஒடிச்சு, ஒரு பிள்ளைக்கு 60 குச்சி, 6 ரப்பர் பேண்டு கொடுங்க. பத்து ஆனதும் கட்டணும், இது மட்டும்தான் விதி. நாமளே கட்டி வெச்சுக் கொடுத்தா அந்தக் கட்டு அவங்களுக்கு ‘ஒண்ணு’தான். 3 கட்டு, 5 குச்சியை வெச்சு எத்தனைன்னு கேட்டா 8ம்பாங்க. அப்படிச் சொன்னா ஒரு கட்டை அவிழ்த்து எண்ண விடுங்க.

அங்கன்வாடி அக்கா: இன்னொண்ணுங்க, பிள்ளைக்கு எதிர்ல உக்காராதீங்க. நம்ம இடது அவங்களுக்கு வலது. கட்டு இந்தப் பக்கம், குச்சி அந்தப் பக்கம்னு நாம காட்டறது அவங்களுக்குத் தலைகீழாப் போயிடும். பக்கத்துல உக்காருங்க.

டியூஷன் அக்கா: அய்யோ, எல்லாரையும் எதிர்லதாங்க உக்கார வெக்கறேன். 10 ரூபா நோட்டும் 1 ரூபா காசும் வெச்சுச் சொல்லித் தரலாமாங்க?

டீச்சரம்மா: குச்சிக்கு அப்புறம். நோட்டை அவிழ்த்து உள்ள பத்து இருக்கான்னு பார்க்க முடியாது பாருங்க.

ஏற்காட்டு மாமா: கூட்டலுக்கு நம்ம ஏற்காடு மலைப்பாதையே இருக்கே. 20 கொண்டை ஊசி வளைவு, எண் போட்ட பலகையோட. ஒரு நீளத் தாள்ல 1லிருந்து 20 வரைக்கும் வரைஞ்சு பொம்மை பஸ் ஒண்ணு வையுங்க. 8ஆம் வளைவுல நிக்கிற பஸ் இன்னும் 5 வளைவு ஏறினா எங்க நிக்கும்? நெறைய பிள்ளைங்க 12ம்பாங்க. நிக்கிற 8ஐயே ஒண்ணுன்னு எண்ணிடுவாங்க. பஸ் நகர்ந்து அடுத்த வளைவைத் தொட்டாத்தான் ‘ஒண்ணு’ன்னு சொல்லணும். கையால பஸ்ஸைத் தள்ளிக்கிட்டே எண்ணினா 13 வந்துடும்.

ஏற்காட்டு மாமா: அது பழகினப்புறம் 3ம் 9ம் கொடுங்க. 3ல நின்னு 9 வளைவு ஏறறதை விட 9ல நின்னு 3 ஏறறது சுலபம்னு பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாது.

டீச்சரம்மா: நல்ல யோசனைங்க. ஆனா எப்பவும் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தா இனமாற்றக் கூட்டல்ல, அதாவது பத்து சேர்ந்ததும் அதைப் பத்து இடத்துக்குக் கொண்டு போற கூட்டல்ல, திணறுவாங்க. பத்தை நிரப்பப் பழகணும். முட்டை அட்டையில 30 குழி, 5 குழியா 6 வரிசை. ரெண்டு ரெண்டு வரிசையா வெட்டினா 3 துண்டு, துண்டுக்கு 10 குழி. 8ம் 5ம் கூட்டணும்னா ஒரு துண்டுல 8 புளியங்கொட்டை, இன்னொண்ணுல 5. 8 இருக்கற துண்டுல ரெண்டு குழி காலியா இருக்குறது பார்த்ததுமே தெரியும். 5 இருக்கற துண்டுலிருந்து 2 எடுத்துப் போட்டா 10, மிச்சம் 3. எண்ணவே வேண்டாம்.

அங்கன்வாடி அக்கா: ஜவ்வரிசி மட்டும் வேண்டாங்க, உருண்டு ஓடிடும். சின்னக் குழந்தைங்க வீட்டுல இருந்தா புளியங்கொட்டையும் வேண்டாம், மூக்குல போட்டுக்குவாங்க. பாட்டில் மூடி வையுங்க.

டியூஷன் அக்கா: 27ம் 15ம் கூட்டச் சொன்னா 312ன்னு எழுதற பிள்ளைக்கு?

டீச்சரம்மா: ஏழும் அஞ்சும் 12, ரெண்டும் ஒண்ணும் 3. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டான். குச்சியை எடுங்க. 2 கட்டு 7 குச்சி, 1 கட்டு 5 குச்சி. குச்சியை ஒண்ணாச் சேர்த்தா 12, அதுல பத்தைக் கட்டி இடது பக்கம் தள்ளணும். இப்போ 4 கட்டு, 2 குச்சி, 42. நோட்டுல மேல போடற அந்த 1ஐ ‘ஒண்ணு’ன்னு சொல்லாதீங்க, ‘ஒரு பத்து’ன்னே சொல்லுங்க. நாம ‘ஒண்ணு மேல போடு’ன்னு சொல்லிச் சொல்லித்தான் அது எதுக்குன்னே தெரியாமப் போகுது.

டியூஷன் அக்கா: இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க 13ஐயும் 31ஐயும் மாத்தறாங்களே?

டீச்சரம்மா: ‘தேர்ட்டீன்’ல மூணு முன்னாடி கேட்குது, அதான். அவங்களையும் தமிழ்ல சொல்ல விடுங்க. பதிமூணுல பத்து முதல்ல வருது, எழுதற வரிசையும் அதுதான். தமிழ்ல சிக்கல் தொண்ணூறுலதான். உள்ள ‘நூறு’ கேட்கறதால மூணு இலக்கமா எழுதிடுவாங்க. 80க்கு 8 கட்டு, 90க்கு 9 கட்டுன்னு அடுக்கிக் காட்டி, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு பாக்கின்னு கேட்டு வாங்குங்க.

மளிகைக் கடை அண்ணன்: டியூஷனம்மா, முட்டை வெச்ச காகித அட்டை எடுக்காதீங்க, கழுவ முடியாது. புது அட்டை 4 எடுத்து வெக்கறேன், காலையில கடைக்கு வாங்க.

டியூஷன் அக்கா: சரிங்கண்ணா, 12 பிள்ளைங்க, 4 அட்டையில 12 துண்டு வந்துடும். ஆளுக்கு ரெண்டு வேணும்னா 8 அட்டை வேணுமேங்க?

மளிகைக் கடை அண்ணன்: 8 எடுத்து வெக்கறேங்க.