டிரெயின் கொடுத்தும் நோட் காலியாகவில்லை: பிடிபி-யை அழித்துவிடலாமா?

இரவுப்பணி

வணக்கம். கியூப்அட்மின் கொண்டு நிறுவிய குபெர்னெட்டிஸ் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டர், 3 ஒர்க்கர் நோட் (பாட்கள் ஓடும் மெஷின்கள்). 1.30-இலிருந்து 1.31-க்கு ஏற்ற வேண்டும். கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நடத்தும் பகுதி) முடிந்தது. முதல் ஒர்க்கரைக் காலி செய்யக் கொடுத்தது இது:

கியூப்சிடிஎல் டிரெயின் ஒர்க்கர்-1 --இக்னோர்-டீமன்செட்ஸ் --டிலீட்-எம்ப்டிடிர்-டேட்டா

இரண்டு பாட் (சேர்ந்து ஓடும் கண்டெய்னர் தொகுப்பு) தவிர மற்றதெல்லாம் வேறு நோட்டுக்குப் போய்விட்டன. அந்த இரண்டுக்கும், பிடிபி, அதாவது பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (குறைந்தது எத்தனை பாட் இயங்க வேண்டும் என்ற வரம்பு) மீறப்படும் என்ற பிழை 5 நொடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒன்று பில்லிங் டெப்ளாய்மென்ட்: ரெப்ளிகா (பாட்டின் பிரதிகள்) 1, பிடிபி-யில் மின்அவைலபிள் (குறைந்தது இயங்க வேண்டியவை) 1. மற்றது தேடல் சேவை: ரெப்ளிகா 3, மின்அவைலபிள் 2. தேடலின் ஒரு பாட் ஒர்க்கர்-2-இல் கிராஷ்லூப்பேக்ஆஃபில் (திரும்பத் திரும்ப விழுந்து எழும் நிலை) கிடக்கிறது. --ஃபோர்ஸ் சேர்த்தும் அதே கதை. பிடிபி-யை அழித்துவிட்டு டிரெயின் செய்து, பிறகு திரும்பப் போட்டால் தவறா?

ஒயர்மேன்

அழிக்க வேண்டாம். --ஃபோர்ஸுக்கும் பிடிபி-க்கும் சம்பந்தமே இல்லை. டெப்ளாய்மென்ட், ஸ்டேட்ஃபுல்செட் என்று எந்த கன்ட்ரோலரும் இல்லாத தனிப் பாட்களை நீக்கத்தான் அது. அப்படி நீக்கிய பாட் திரும்பி வராது, யோசித்துப் போடுங்கள். பிடிபி-யை உண்மையில் தாண்டிப்போவது --டிசேபிள்-எவிக்ஷன். எவிக்ஷன் ஏபிஐ-யை (பிடிபி-யைப் பார்த்தே பாட்டை வெளியேற்றும் வழி) விட்டுவிட்டு நேரடியாக டிலீட் செய்துவிடும். அதை இங்கே தொடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது:

கியூப்சிடிஎல் கெட் பிடிபி -ஏ

அலவ்டு டிஸ்ரப்ஷன்ஸ் என்ற பத்தியில் 0 இருந்தால் எவிக்ஷன் கேட்கும்போதெல்லாம் 429 (இப்போது முடியாது என்ற மறுப்பு) தான் வரும். பில்லிங்கில் இருப்பது 1, இருக்க வேண்டியதும் 1, மிச்சம் 0. எத்தனை மணி நேரம் காத்தாலும் மாறாது. டிரெயினின் --டைம்அவுட்டுக்கு இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. அடுத்த முறை --டைம்அவுட்=300எஸ் போட்டுவிடுங்கள்.

பில்லிங்குக்கு வழி எளிது. டிரெயின் தொடங்கியபோதே ஒர்க்கர்-1 கார்டன் ஆகிவிட்டது, புதுப் பாட் அங்கே இறங்காது. இப்போது:

கியூப்சிடிஎல் ரோல்அவுட் ரீஸ்டார்ட் டெப்ளாய்மென்ட்/பில்லிங்

பிடிபி எவிக்ஷனை மட்டுமே தடுக்கும். ரோல்அவுட் (பழைய பாட்களைப் புதியதாக மாற்றுவது) அதைக் கேட்டு நடப்பதில்லை. மேக்ஸ்சர்ஜ் (அப்போது எத்தனை கூடலாம்), மேக்ஸ்அன்அவைலபிள் (எத்தனை குறையலாம்) இரண்டுக்கும் இயல்பு 25%. ரெப்ளிகா 1 என்றால் முன்னது மேல்நோக்கி முழுமையாகி 1, பின்னது கீழ்நோக்கி 0. எனவே வேறு நோட்டில் புதுப் பாட் ரெடி ஆன பிறகே பழையது போகும். ஆனால் ரெடினெஸ் புரோப் (செயலி தயாரா என்று பார்க்கும் சோதனை) இல்லாவிட்டால் கண்டெய்னர் ஓடத் தொடங்கியதுமே ரெடி என்று கணக்காகிவிடும். செயலி விழிப்பதற்குள் பழைய பாட் போய்விடும்.

நீலத்திரை

தேடலுக்கு ஒரு யோசனை: பிடிபி-யில் அன்ஹெல்தி பாட் எவிக்ஷன் பாலிசி என்ற புலம் இருக்கு. இயல்பு இஃப்ஹெல்திபட்ஜெட். அதை ஆல்வேஸ்அலவ்னு மாத்துங்க. 1.27-லேயே பீட்டா, 1.31-ல ஸ்டேபிள். கிராஷ் ஆகிற பாட் அதுக்கப்புறம் தடையா இருக்காது.

ஒயர்மேன்

அந்தப் புலத்தை வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் இந்தச் சிக்கல் அதனால் தீராது. ஆல்வேஸ்அலவ் கெட்ட பாட்டை வெளியேற்றத்தான் வழிவிடும். இங்கே கெட்டது ஒர்க்கர்-2-இல். ஒர்க்கர்-1-இல் மாட்டியிருப்பது நல்ல பாட். ஹெல்தி 2, தேவை 2, மிச்சம் 0. கிராஷ் ஆகும் பாட் சரியானால் மிச்சம் 1 ஆகும், டிரெயின் தானே நகரும். அதன் முந்தைய ஓட்டத்தின் லாகைப் பாருங்கள்:

கியூப்சிடிஎல் லாக்ஸ் பாட்-பெயர் --பிரீவியஸ்

டிஸ்கிரைபில் ஓஓஎம்கில்டு (மெமரி போதாமல் கொல்லப்பட்டது), எக்சிட் கோட் 137 என்று இருந்தால் மெமரி லிமிட்டைக் கவனியுங்கள்.

ஆல்வேஸ்அலவ் கைகொடுப்பது மூன்றில் இரண்டு கெட்டுக் கிடக்கும்போது. அந்நிலையில் இயல்பு பாலிசி கெட்ட பாட்டைக்கூட நகர விடாது.

இரவுப்பணி

லிமிட்தான் காரணம். கூட்டியதும் தேடல் நகர்ந்துவிட்டது. பில்லிங்கில் ரீஸ்டார்ட் கொடுத்தால் புதுப் பாட் கண்டெய்னர்கிரியேட்டிங்கிலேயே நிற்கிறது. ஈவென்ட்டில் மல்டி-அட்டாச் பிழை.

ஒயர்மேன்

ரீட்ரைட்ஒன்ஸ் வால்யூம் (ஒரு நேரத்தில் ஒரே நோட்டில் ஒட்டும் டிஸ்க்) இருப்பதைச் சொல்லவில்லையே! பழைய பாட் ஒர்க்கர்-1-இல் டிஸ்கைப் பிடித்திருக்கும்வரை இன்னொரு நோட்டில் அது ஒட்டாது. பழையது போகப் புதியது ரெடி ஆக வேண்டும், புதியது ரெடி ஆக டிஸ்க் விடுபட வேண்டும். பூட்டுக்குள் சாவி. இதில் சிறு நிறுத்தம் தவிர்க்க முடியாது. ஸ்கேல் --ரெப்ளிகாஸ்=0, பாட் முழுதாக மறைந்ததும் மறுபடி 1. ஸ்கேலையும் பிடிபி தடுக்காது. நிரந்தரமாக ஸ்ட்ராடஜியை ரீகிரியேட் (பழையதை நிறுத்திய பிறகே புதியதை எழுப்புவது) என்று மாற்றுங்கள். பொய் நம்பிக்கை தரும் அந்த பிடிபி-யையும் எடுத்துவிடலாம். ஒற்றை ரெப்ளிகாவை அது காப்பாற்றுவதில்லை, டிரெயினை மட்டும் மறிக்கிறது.

டெர்மினேட்டிங்கிலேயே பாட் நின்றால் அவசரப்பட்டு --கிரேஸ்-பீரியட்=0 --ஃபோர்ஸ் அடிக்காதீர்கள். அது ஏபிஐ சர்வரிலிருந்து பெயரை அழிக்கும்; கண்டெய்னர் நோட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். டேட்டாபேஸ் ஆனால் இரண்டு பேர் எழுதும் நிலை வரும்.

படிக்கட்டு

தேடல் பாட்கள் நோட்டுக்கு ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் கட்டாய ஆன்ட்டி-அஃபினிட்டி (ஒரே நோட்டில் இரண்டு கூடாது என்ற விதி) போட்டிருப்பீர்கள் போல. அப்படியானால் ஒர்க்கர்-1-இலிருந்து கிளம்பிய பாட்டுக்கு இடமே இல்லை, பெண்டிங்கில்தான் இருக்கும். ஒர்க்கர்-1 திரும்பும்வரை ஒர்க்கர்-2 டிரெயின் நிச்சயம் மாட்டும். ஆகவே ஒவ்வொன்றாக: புது கியூப்அட்மின், அந்த மெஷினிலேயே கியூப்அட்மின் அப்கிரேட் நோட், பிறகு கியூப்லெட் (நோட்டில் பாட்களை ஓட்டும் சேவை) பேக்கேஜ், சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், கியூப்லெட் ரீஸ்டார்ட், கியூப்சிடிஎல் அன்கார்டன் ஒர்க்கர்-1. பெண்டிங் பாட் ரெடி ஆன பிறகு அடுத்த நோட்.

ஏபிடி-யில் 1.31 பேக்கேஜே கிடைக்கவில்லை என்றால் சோர்ஸ் ஃபைலைப் பாருங்கள். ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் ரெப்போ தனி, முகவரியில் வி1.30 என்று இருப்பதை வி1.31 என்று மாற்ற வேண்டும்.