எண் சரியானதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

காட்பாடிவாசி:
என் அம்மாவுக்கு 74 வயது. ஆறு ஆண்டுகளாகத் தினமும் 50 மைக்ரோகிராம் தைராக்சின் சாப்பிடுகிறார். சென்ற வாரப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2.4, இயல்பான அளவு என்று வந்திருக்கிறது. நோய் தீர்ந்த பிறகும் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கச் சொல்வது வியாபாரம் என்றே நினைக்கிறேன். இந்த மாதத்தோடு நிறுத்திவிடப் போகிறேன்.

குடியாத்தம் மருந்தாளுநர்:
வேண்டாம் ஐயா. 2.4 என்பது மாத்திரை வேலை செய்வதைக் காட்டுகிறதே தவிர, சுரப்பி குணமானதைக் காட்டவில்லை. தைராய்டு சுரக்கும் தைராக்சின் இரத்தத்தில் குறைந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டித் தைராய்டை முடுக்கும். அந்தக் குறையை மாத்திரை நிரப்பிவிட்டால் முடுக்க வேண்டிய தேவையில்லை, எண்ணும் இறங்கிவிடும். இம்மருந்தில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும் என்பதால், நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் தெரியாது. எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மையார் இப்படித்தான் நிறுத்தினார். மூன்று மாதம் கழித்து வந்தபோது முகம் உப்பி, குரல் கரகரத்து, வேலூரின் மே மாத வெயிலிலும் போர்வை கேட்கும் நிலையில் இருந்தார்.

காட்பாடிவாசி:
பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். தொடக்கத்தில் டி.எஸ்.எச். 6.8, டி4 (இரத்தத்தில் உள்ள தைராக்சின்) இயல்பு. அந்த ஒரே பரிசோதனையை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகளா?

ராணிப்பேட்டை மருத்துவர்:
அப்படியானால் கேள்வியே வேறு. வயது ஏற ஏற டி.எஸ்.எச். சற்றுக் கூடுவதுண்டு. 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்த, 65 வயதைத் தாண்டிய 737 பேரில், தைராக்சின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சோர்வில் வேறுபாடு தென்படவில்லை. மாத்திரை மிகுந்தாலோ முதியவர்களின் நாடித் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

குடியாத்தம் மருந்தாளுநர்:
டாக்டர், நீங்கள் சொல்வது தொடங்குவதைப் பற்றி; நான் சொல்வது தாமாக நிறுத்துவதைப் பற்றி. அதை இப்போதும் ஏற்க மாட்டேன். காட்பாடி ஐயா, அம்மா எதனுடன் மாத்திரை சாப்பிடுகிறார்?

காட்பாடிவாசி:
இன்று காலை கவனித்தேன். தைராக்சினையும் கால்சியம் மாத்திரையையும் உள்ளங்கையில் ஒன்றாக வைத்து, காபியோடு விழுங்குகிறார்.

ராணிப்பேட்டை மருத்துவர்:
காபியும் கால்சியமும் தைராக்சினைக் குடலில் சரியாகச் சேர விடாது. அரைகுறையாகச் சேர்ந்தே 2.4 என்றால், இனி வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுக்கும்போது இதே 50 மிகுந்துபோகலாம். கால்சியத்தை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். படபடப்பு தெரிந்தால் உடனே காட்டுங்கள். இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்து, அந்தச் சீட்டையும் பழைய சீட்டையும் சேர்த்து உங்கள் மருத்துவரிடம் வையுங்கள். குறைப்பதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும்.