சோஷியல் ஆடிட்: ‘சமூகத் தணிக்கை’ மலையகத்தில் செல்லுமா?

அன்பின் ஐயா,

ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களை எப்படி நடத்துகிறது என்று வெளியார் வந்து சோதிப்பதுதான் சோஷியல் ஆடிட். அதற்கு உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘சமூகத் தணிக்கை’ என்று வைக்கலாம் என நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வெளிநாட்டுத் தேயிலைக் கம்பெனிகளுக்காக இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆடிட் செய்ய வருகிறவர்களுடன் ஆறு வருடமாக மொழிபெயர்க்கப் போகிறேன். அந்தச் சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் சின்னது. இலங்கையில் தணிக்கை என்றதும் ஞாபகம் வருவது பத்திரிகைச் செய்தியை வெட்டுவதுதான். ஆடிட்டை நாங்கள் கணக்காய்வு என்போம். இந்தியாவில் உங்களுடைய வருங்கால வைப்பு நிதி எங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி ஆன மாதிரி. ஒரு தோட்டத்தில், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ‘சமூகத் தணிக்கை’ என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக் கேட்டார்: “எதத் தங்கச்சி வெட்டப் போறாங்க? பேரையா?” தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். அவர் பயந்ததில் தப்பே இல்லை.

எனக்கு மனம் ஒப்பாதது ‘சமூக’ என்ற பகுதி. உங்கள் நாட்டில் 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. வேலை செய்த சனமே பதிவேட்டைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்கலாம். எங்களிடம் நடப்பது வேறு. வாங்குகிற கம்பெனியோ தோட்டக் கம்பெனியோ காசு கொடுத்து ஆடிட்டரைக் கூப்பிடுகிறது. வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பியிருக்கும். நான் போன எந்தத் தோட்டத்திலும் அறிக்கை தொழிலாளியின் கைக்கு வந்ததில்லை. இதில் சமூகம் எங்கே வந்தது? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாமும் அப்படியே வைத்தால், மக்கள் போராடிப் பெற்ற ஒன்றின் பெயரைத் தூக்கி ஒரு சான்றிதழுக்குக் கொடுத்ததாகிவிடும்.

2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சோஷியல் ஆடிட்டில் தேறியதற்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் அதற்குக் கிடைத்திருந்தது. அந்த இடத்தைச் ‘சமூகம்’ தணிக்கை செய்தது என்று தமிழில் எழுத எனக்குக் கை வராது.

சொல் பிழைத்தால் அளவும் பிழைக்கும், ஐயா. எங்கள் கேள்வித்தாளில் ‘குறைதீர்ப் பொறிமுறை திருப்திகரமாக உள்ளதா?’ என்று ஒரு வரி. தோட்ட ஆபீஸ் அறைக்குள் கேட்போம், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வாசலில் நிற்பார். எல்லோரும் “ஆமா” என்பார்கள். ஒருநாள் அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, “பேர் போடாம விட்டா யாருகிட்டப் போய்ச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் முன்னால் “ஆமா” என்ற அதே பெண் பேசத் தொடங்கினார். கூடைக்கும் தண்ணிக்கும் என்று நிறுவையில் கழிக்கிற கிலோ, மலையில் ஒதுங்க இடமில்லாதது, போன மழைக்குக் கேட்ட தகரம் இன்னும் வராதது. ஆடிட்டரால் எழுதி முடிக்க முடியவில்லை. என் கேள்வி மாறியிராவிட்டால் அந்தத் தாளில் ஒரு சரி அடையாளம்தான் விழுந்திருக்கும். அப்படி விழுகிற அடையாளங்களைக் கூட்டித்தான் எங்கேயோ ஒரு கம்பெனியின் நன்னடத்தைக்குப் புள்ளி போடுகிறார்கள்.

ஆகவே ‘உழைப்புநெறி ஆய்வு’ என்று வைக்கலாமா? சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை, பிள்ளைகளை வேலைக்கு வைக்காமை எல்லாம் அதற்குள் அடங்கும். சமூகத் தணிக்கை கிராம சபைக்கே இருக்கட்டும். அதை நாங்கள் மக்கள் கணக்காய்வு என்று சொல்லிக்கொள்கிறோம்.

– ஹட்டனிலிருந்து

*

அன்புள்ள சகோதரிக்கு,

இங்கும் திரைப்படத் தணிக்கை உண்டு. ஆனால் கணக்குத் தணிக்கை காதுக்குப் பழகிப்போனதால் எனக்கு நெருடவில்லை. சமூகம் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், என் சொல்லை எடுத்துவிடுகிறேன்.

உங்கள் சொல்லில் இரண்டு இடங்கள் இடறுகின்றன. இங்கே தொழிலாளர் ஆய்வாளர் அரசு அதிகாரி, வழக்குத் தொடர முடிந்தவர். காசு வாங்கி வருகிற தனியார் செய்வதும் ‘ஆய்வு’ என்றால், இல்லாத அதிகாரம் அவருக்குச் சொல்லிலேயே வந்துவிடும். மற்றது, உழைப்பு தொழிலாளியுடையது. உழைப்புநெறி என்று படிக்கிறவர், அந்தப் பெண் ஒழுங்காக வேலை செய்கிறாளா என்று சோதிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘நிறுவனநெறி மதிப்பீடு’ எப்படி?

– கோவையிலிருந்து

*

அன்பின் ஐயா,

நீங்கள் சொன்ன இரண்டாவது இடறல் எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்தால் ஆடிட்டிலும் அதுதான் நடக்கிறது. மருந்தடிக்கிறவரிடமே “கையுறை ஏன் போடல?” என்று கேட்கிறார்கள், கொடுத்தார்களா என்று கேட்பது அதற்குப் பிறகு. கொழுந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை தராசில் ஏறுகிறது. இங்கே ஏற வேண்டியது கம்பெனி, அது பெயரிலேயே தெரியட்டும். 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வழிகாட்டுக் கோட்பாடுகளும் மனித உரிமையை மதிக்கிற பொறுப்பை நிறுவனத்தின் தலையில்தான் வைத்திருக்கின்றன. ‘மதிப்பீடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் மதித்துச் சொன்னதை இன்னொருவர் மறுக்கலாம்.

‘நெறி’யில்தான் தயக்கம். அது பள்ளிக்கூடத்துச் சொல். “தொரை நடத்த சரியில்ல” என்று தோட்ட மேனேஜரைப் பற்றி லயத்தில் யாரும் சொல்வார்கள். ‘நிறுவன நடத்தை மதிப்பீடு’ என்றால் கொஞ்சம் நீளம், ஆனாலும் விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதர் சங்கக் கூட்டம். இரண்டையும் வாசித்துக் காட்டி, யாரை அளக்கிறார்கள் என்று எதைக் கேட்டதும் விளங்குகிறது என்று விசாரிக்கிறேன். திங்கள் இரவு எழுதுவேன். அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டுவையுங்கள்.

– ஹட்டனிலிருந்து